மலையிறக்கத்தில் லாரி பிரேக்: டிரம்மா, டிஸ்க்கா? நீலகிரிக்குப் புதிதாக வண்டி ஓட்ட வருபவர்களுக்கு

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் லாரி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் இறங்கிவிடுகிறது. வண்டியும் லோடும் சேர்ந்து 16 டன் என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 65 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 700 லிட்டர் பச்சைத் தண்ணீரை அதைக் கொண்டு கொதிக்க வைத்துவிடலாம். இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகி எங்காவது போயாக வேண்டும். டயர் உருள்வதிலும் காற்றிலும் கொஞ்சம் போகும். இன்ஜின் வழியாக எவ்வளவு போகிறது என்பது நீங்கள் போடும் கியரைப் பொறுத்தது. மீதி எல்லாம் சக்கரத்து பிரேக்கின் தலையில்தான் விழும். டிரம் நல்லதா டிஸ்க் நல்லதா என்று கேட்கும் முன் இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும். மலையில் பிரேக் கெடுவதற்குப் பெரும்பாலும் வெப்பம்தான் காரணம்.

டிரம்முக்குள் நடப்பது

ஏர் பிரேக் லாரியில் பெடலை மிதித்தால் டேங்கில் இருக்கும் காற்று வால்வு வழியாக ஒவ்வொரு சக்கரத்தின் சேம்பருக்கும் போகிறது. சேம்பருக்குள் இருக்கும் டயாஃப்ரம் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்பும், அது எஸ் வடிவ கேம் ஷாஃப்டைத் திருப்பும், கேம் இரண்டு ஷூக்களையும் விரித்து, அவற்றின் மேல் இருக்கும் உராய்வுப் பொருளான லைனிங்கை டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். டைப் 30 சேம்பர் என்றால் டயாஃப்ரத்தின் பரப்பு 30 சதுர அங்குலம். 7 பார் அழுத்தத்தில் புஷ் ராடு ஏறத்தாழ 1,380 கிலோ விசையோடு வெளியே வரும். விசைக்குக் குறைவே இல்லை. குறைவது தூரம்தான்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். டைப் 30 சேம்பரின் புஷ் ராடு முழுமையாக வெளியே வந்தால் 64 மி.மீ. அதில் 51 மி.மீ.க்கு மேல் போனால் பிரேக்கை டைட் வைத்தே ஆக வேண்டும் என்பது பொதுவான வரம்பு. வண்டி குளிர்ந்திருக்கும்போதே 51 மி.மீ. வருகிறது என்றால் மிச்சம் 13 மி.மீ. மட்டுமே. இப்போது டிரம் சூடாகிறது. 410 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 300 டிகிரி கூடுதல் சூடு ஏறினால் விட்டத்தில் 1.3 மி.மீ. அளவு விரியும். பார்க்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் விரிவது லைனிங்கை விட்டு விலகும் திசையில். அந்த இடைவெளியை நிரப்ப கேம் கூடுதலாகத் திரும்ப வேண்டும், அதற்குப் புஷ் ராடு இன்னும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே வர வேண்டும். ஆக மிச்சமிருந்த 13 மி.மீ.யில் 10 போய்விட்டது. கடைசி சில மில்லிமீட்டரில் டயாஃப்ரத்தின் தள்ளுவிசையும் சட்டென்று விழுந்துவிடும். அதே நேரத்தில் லைனிங் பொருளின் உராய்வும் சூட்டில் குறைகிறது. ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம் "மிதிக்கிறேன், பிடிக்கவில்லை" என்பது மட்டும்தான். ஏர் கேஜில் 7 பார் அப்படியே காட்டிக்கொண்டிருக்கும்.

சமவெளியில் மாதக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் ஓடிய வண்டி முதல் மலை டிரிப்பிலேயே கைவிடுவது இதனால்தான். தரையில் அந்தப் பிரேக் ஒருபோதும் 300 டிகிரியைத் தொட்டிருக்காது.

டிஸ்க்கில் என்ன மாற்றம்

டிஸ்க்கை காலிப்பர் இரண்டு பக்கமும் பேடால் கவ்வுகிறது. சூடானால் டிஸ்க்கின் கனம் கூடும், அதாவது பேடை நோக்கியே விரியும். டிரம்மைப் போல இடைவெளி பெரிதாகாது. காற்றோட்டம் நேராகப் படுவதால் சீக்கிரம் ஆறும். மழையில் நனைந்தாலும் பேடின் முதல் உரசலிலேயே தண்ணீர் வழிந்துவிடும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் சில மிதிப்புகளுக்குப் பிடிப்பு குறைவாகவே இருக்கும்.

இதை வைத்துத்தான் ஐரோப்பாவில் லாரிகள் டிஸ்க்குக்கு மாறின. மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ் 1996-இல் வந்தபோதே எல்லா ஆக்சிலிலும் டிஸ்க். அமெரிக்காவில் 2011-இலிருந்து படிப்படியாக வந்த விதி, டிரெய்லர் இழுக்கும் முன்வண்டியான டிராக்டர்களில் பெரும்பாலானவை லோடோடு 60 மைல் வேகத்திலிருந்து 250 அடிக்குள் நிற்க வேண்டும் என்றது. முன்பு 355 அடி வரை அனுமதி இருந்தது. அதன் பிறகு அங்கேயும் டிஸ்க் பெருகியது, ஆனால் பெரிய டிரம் வைத்தும் அந்தத் தூரத்தை எட்டினார்கள். நம் பக்கம் வால்வோ போன்ற பஸ்களில் டிஸ்க்கைப் பார்க்கலாம். நீலகிரியில் காய்கறி, தேயிலைத் தூள், சிமெண்ட் ஏற்றும் லாரிகளில் பெரும்பாலும் டிரம்தான்.

டிஸ்க்கில் புதியவர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. டிரம் சூடாகும்போது பிடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து முன்கூட்டியே எச்சரிக்கும். டிஸ்க் அவ்வளவு எச்சரிக்காது. பிடிப்பு நன்றாகவே இருக்கும், ஆனால் அந்த வெப்பம் ஹப் கிரீஸுக்கும், ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பான பீடுக்கும் ஏறிக்கொண்டிருக்கும். "டிஸ்க் வண்டிதானே" என்று கியரைக் குறைக்காமல் இறங்கினால் டயர் புகையும் நிலைக்குப் போகலாம். டிஸ்க் வெப்பத்தைத் தாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது வெளிப்படும் வெப்பம் இரண்டு வண்டியிலும் ஒன்றுதான்.

லோடு ஏற்றும் முன்: டிரம் வண்டியில் அளவெடுப்பது

கேரட்டோ உருளைக்கிழங்கோ ஏற்றிய பிறகு வண்டிக்கு அடியில் புகுந்து பார்க்க யாருக்கும் மனம் வராது. காலியாக நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். தேவைப்படுவது ஒரு சாக்பீஸ், ஒரு ஸ்கேல், கூட ஒரு ஆள்.

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏர் 7 பார் தாண்டியதும் அணைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடி அளவெடுத்தால் பின்சக்கர அளவு பொய் சொல்லும், ஏனென்றால் அங்கே ஸ்பிரிங் ஏற்கெனவே புஷ் ராடைத் தள்ளி வைத்திருக்கும். இப்போது ஒவ்வொரு சேம்பரிலும் புஷ் ராடு வெளியே வரும் வாயருகே சாக்பீஸால் கோடு போடுங்கள். கேபினில் இருப்பவர் பெடலை அழுத்திப் பிடிக்கட்டும். கோடு எவ்வளவு தூரம் வெளியே வந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

டைப் 30 என்றால் 51 மி.மீ., டைப் 24 என்றால் 44 மி.மீ. வரம்பு. லாங் ஸ்ட்ரோக் சேம்பர்களுக்கு வரம்பு வேறு, சேம்பரின் மேலேயே அடையாளம் இருக்கும். மலைக்குப் போகும் வண்டி வரம்பைத் தொடாமல் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டைப் 30-இல் 40 மி.மீ.க்குள் இருப்பதே நிம்மதி. எண்களைவிட முக்கியம், ஒரே ஆக்சிலின் இடதும் வலதும் ஒத்துப் போவது. ஒரு பக்கம் 35, மறுபக்கம் 48 என்றால் ஈர ரோட்டில் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மேனுவல் ஸ்லாக் அட்ஜஸ்டரை டைட் வைக்கும் விதம்: அறுகோணத் தலையைச் சுற்றியிருக்கும் பூட்டு வளையத்தை ஸ்பேனரால் உள்ளே அழுத்திக்கொண்டு திருப்புங்கள். திருப்பும்போது கேம் ஷாஃப்டின் முனையைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது சுழலும் திசையிலேயே அது சுழல வேண்டும், எதிர்த்திசையில் போனால் நீங்கள் தளர்த்திக்கொண்டிருக்கிறீர்கள். லைனிங் டிரம்மில் முட்டி இறுகியதும் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னால் விடுங்கள். பூட்டு வளையம் வெளியே துள்ளி உட்கார்ந்ததா என்று விரலால் தடவி உறுதி செய்யுங்கள், உட்காராவிட்டால் ஓட ஓடத் தானாகவே தளர்ந்துவிடும். முடிந்தால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசிக்கொண்டே சுற்றினால் அந்த டிரம் மலை அடிவாரத்துக் கல்லாறு வருவதற்குள் கருகிவிடும்.

ஆட்டோமேடிக் ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் ஸ்ட்ரோக், அதாவது புஷ் ராடு வெளியே வரும் தூரம், கூடியிருந்தால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். அது தானாகச் சரிசெய்திருக்க வேண்டும், செய்யவில்லை என்றால் வேறு ஏதோ கோளாறு: கேம் புஷ் தேய்ந்திருக்கும், புஷ் ராடை அட்ஜஸ்டரோடு கோக்கும் கிளெவிஸ் பின் ஆடும், பிராக்கெட் விரிசல் விட்டிருக்கும், அல்லது அட்ஜஸ்டரே போயிருக்கும். கையால் டைட் வைத்தால் அன்றைக்குச் சரியாகிவிட்டது போல இருக்கும். உள்ளே இருக்கும் கிளட்ச் அப்படித் திருப்பத் திருப்பத் தேய்ந்து, நோய் மறைந்தபடியே முற்றும். மலை ரோட்டில் ஓடும் வண்டியில் இதைவிட மோசமான பழக்கம் இல்லை.

அடியில் இருக்கும்போதே மற்றவற்றையும் பார்த்துவிடலாம். லைனிங்கின் நடுவில் 6 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள், ரிவெட் தலை தெரிந்தால் அது டிரம்மைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் ஹப் ஆயில் சீல் போயிருக்கிறது. எண்ணெய் குடித்த லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவியோ தீயில் காட்டியோ காப்பாற்ற முடியாது. அந்த ஆக்சிலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, ஒரே தர லைனிங்காக மாற்ற வேண்டும். டிரம்மில் மயிரிழை போன்ற மேலோட்டமான கீறல்கள் சூட்டினால் வருவதுதான். விளிம்பு வரை ஓடிய விரிசல் வேறு, அந்த டிரம் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். லேத்தில் டர்னிங் பிடிக்கும்போது டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டவிடாதீர்கள். மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகும், கூடுதலாக விரியும், மேலே சொன்ன 10 மி.மீ. கணக்கு 15 ஆகும்.

லைனிங் தூசியை ஏர் பைப்பால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வண்டியில் பார்க்க வேண்டியது

இங்கே புஷ் ராடு வெளியே தெரியாது, சாக்பீஸுக்கு வேலை இல்லை. பேடின் தேய்மானம் காட்டும் பின் அல்லது அடையாளத்தைப் பாருங்கள். 22.5 அங்குல சக்கரங்களுக்கான பரவலான வகைகளில் புது பேட் பின்தகட்டோடு சேர்த்து 30 மி.மீ. இருக்கும், 11 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். புது டிஸ்க்கின் கனம் 45 மி.மீ., 37-க்குக் கீழே ஓட்டக்கூடாது. உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருந்தால் டிஸ்க்கில் பொறித்திருப்பதே கணக்கு.

உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்பது இன்னும் முக்கியம். ஒன்று மட்டும் கரைந்திருந்தால் காலிப்பர் தன் கைடு பின் மேல் நகராமல் இறுகியிருக்கிறது. கைடு பின்னின் ரப்பர் பூட் கிழிந்து சேறும் தண்ணீரும் புகுவதால் வருவது இது. வண்டி ஆறியிருக்கும்போது காலிப்பரைக் கையால் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டினால் ஒரு மி.மீ. அளவு நகர வேண்டும். அசையவே இல்லை என்றால் இறங்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கமும் ஓடும் வண்டிகளில் ரப்பர் பூட்டை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

காற்று

இன்ஜினை அணைத்து, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முதலில் விழும் அழுத்தத்தை விட்டுவிட்டு, அதன் பிறகு 0.2 பாருக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்பு நுரை வைத்துத் தேடுங்கள். பிறகு பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து அழுத்தத்தைக் குறையுங்கள், 4 பாருக்குக் கீழே போகும் முன்பே எச்சரிக்கை பஸ்ஸர் அடிக்க வேண்டும். பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கி விட்டிருக்கும் வண்டிகள் உண்டு, வாங்கும்போதே பாருங்கள். டேங்குகளைத் தினமும் டிரெயின் செய்யுங்கள். ஏர் டிரையர் இருந்தும் தண்ணீர் வந்தால் டிரையர் கார்ட்ரிட்ஜ் முடிந்துவிட்டது. எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசரைப் பாருங்கள்.

இறங்குவது

குன்னூர் ஊரை விட்டு இறக்கம் தொடங்கும் முன்பே கியரைத் தீர்மானியுங்கள். ஏறும்போது எந்த கியர் போட்டீர்களோ அதே கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது பழைய, சக்தி குறைந்த இன்ஜின்களுக்குச் சரியாக இருந்தது. இன்றைய இன்ஜின்கள் பெரிய கியரிலேயே ஏறிவிடும். ஆகவே அதற்கும் ஒன்று குறைத்துப் போடுங்கள். புகை போகும் வழியை அடைத்து இன்ஜினையே பிரேக்காக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆன் செய்யுங்கள். அது இன்ஜின் நல்ல ஆர்பிஎம்மில் சுழன்றால்தான் வேலை செய்யும். சிவப்புக் கோட்டைத் தொடாமல், அதற்குக் கீழே உயர்ந்த சுழற்சியிலேயே இன்ஜின் கத்திக்கொண்டு வரட்டும். டீசல் பம்ப் அந்நேரம் டீசலை நிறுத்திவிடுவதால் அந்தச் சத்தத்துக்குச் செலவில்லை. நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கியரில் இறங்கும்போது செலவே இல்லாத டீசலை மிச்சப்படுத்தப் போய், அந்த 65 யூனிட் வெப்பத்தில் பெரும்பகுதியை லைனிங் மீது ஏற்றுகிறீர்கள்.

பெடல் மீது கால் லேசாக வைத்தபடியே வராதீர்கள். எல்லாச் சக்கரமும் ஒரே அழுத்தத்தில் பிடிக்க ஆரம்பிப்பதில்லை. மெல்லிய அழுத்தத்தில் முந்திக்கொள்ளும் இரண்டு மூன்று சக்கரங்கள் மட்டுமே முழு வேலையும் செய்து கருகும், மற்றவை சும்மா சுற்றும். மாறாக, ரோட்டுக்கு ஏற்ற வேகம் 25 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 25-ஐத் தொட்டதும் உறுதியாக அழுத்தி 16, 17-க்குக் கொண்டுவந்து முழுதும் விடுங்கள். இன்ஜின் பிடித்து வரும். மறுபடி 25-ஐத் தொடும்போது மறுபடி ஒரு அழுத்தம். கல்லாறு வரையிலான 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வளைவுக்கு முன் நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் தேடாதீர்கள். இடைவிடாமல் பம்ப் செய்தால் டேங்க் காலியாகும், கேஜ் மீது ஒரு கண் இருக்கட்டும். குறுகிய இடத்தில் மேலே ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குபவரின் கடமை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

ஊட்டியிலிருந்து லோடு வருபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. குன்னூரை அடையும்போதே ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கியிருப்பீர்கள், டிரம் சூடாகத்தான் இருக்கும். அங்கே ஒரு முறையும், கீழே இறங்கும் வழியில் பர்லியாறில் ஒரு முறையும் நிறுத்துங்கள். டிரம்மைத் தொடாதீர்கள். புறங்கையைச் சற்றுத் தள்ளி நீட்டினாலே அனல் தெரியும், சின்ன இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாச் சக்கரமும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அதைத்தான் முதலில் கவனியுங்கள். அந்தச் சக்கரம் பிடிக்கவே இல்லை, அதன் வேலையை மற்றவை செய்துகொண்டு வந்திருக்கின்றன.

ஓடைத் தண்ணீரைப் பிடித்துச் சூடான டிரம்மில் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பு அந்தத் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும், டிஸ்க்குக்கும் அப்படியே. லைனிங் கருகும் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து, கியரிலேயே வைத்து நிறுத்தி, கட்டை போட்டு, தானாக ஆறவிடுங்கள். அரை மணி நேரமாவது ஆகும். தரை சமமாக இருந்து கட்டை உறுதியாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் ஆறவிடுவது நல்லது. விரிந்த டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவை இறுகக் கவ்விக்கொள்ளும்.

ஓடும்போதே பிடிப்பு போய்விட்டால் சின்ன கியருக்கு மாற்ற முயன்று நியூட்ரலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இருக்கும் கியரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கோடு ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுத்துப் பாருங்கள். அதுவும் அதே சூடான டிரம்மில்தான் பிடிக்கும் என்பதால் அதையே நம்பிவிட வேண்டாம். விளக்கு, ஹாரன் இரண்டையும் விடாமல் போட்டு, பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலைச்சுவர் பக்கம் வண்டியை ஒட்டிக் கொண்டுவந்து, மண்மேட்டிலோ ஓரச் சாக்கடையிலோ உரசி நிறுத்துங்கள். பாடி நசுங்கினால் பரவாயில்லை.

36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதை லாரிக்கான பாதையே அல்ல. மசினகுடிக்கு லோடு என்றால் கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். வத்தலக்குண்டிலிருந்தோ பழனியிலிருந்தோ கொடைக்கானல் ஏறி இறங்குபவர்களுக்கும் மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும்.

டிரெய்லர்

நீளமான டிரெய்லர்கள் இந்தக் கொண்டை ஊசிகளில் திரும்புவதே சிரமம் என்பதால் மலையில் குறைவு. ஆனாலும் அடிவாரம் வரை இழுத்து வருபவர்கள் அறிய வேண்டியது: டிராக்டரில் டிஸ்க், டிரெய்லரில் டிரம் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்காது. டிஸ்க் உடனே பிடிக்கும், டிரம் ஒரு கணம் தாமதிக்கும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். இறக்கத்தில் டிரெய்லர் டிரம் சூடாகித் தளரத் தளர, டிராக்டரின் டிஸ்க் இரண்டு வண்டியின் பாரத்தையும் சுமக்கும். டிராக்டர் பேட் மட்டும் வேகமாகக் கரைகிறது என்றால் பேடைக் குறை சொல்லாமல் டிரெய்லரின் ஸ்லாக் அட்ஜஸ்டரை அளந்து பாருங்கள். சிவப்பு ஹோஸ் சப்ளை, மஞ்சள் ஹோஸ் சர்வீஸ். மாற்றி மாட்டினால் டிரெய்லர் பிரேக் விடுபடாது, அல்லது பிடிக்காது. டிரெய்லருக்கெனத் தனி லீவர் இருந்தால் அதை மட்டும் பிடித்தபடி இறங்கக் கூடாது.

வாங்கும்போது

டிரம் வண்டியை டிஸ்க்காக மாற்றிக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஆக்சில் முனை, ஹப், சேம்பர், வால்வு அமைப்பு எல்லாமே மாற வேண்டும், 20 அங்குல டியூப் டயர் ரிம்முக்குள் காலிப்பருக்கு இடமும் போதாது. புது வண்டியில் தொழிற்சாலையிலேயே டிஸ்க் வருகிறது, அதற்கான பேடும் காலிப்பர் கிட்டும் கோவையிலாவது உடனே கிடைக்கிறது என்றால் தாராளமாக எடுங்கள். ஒரு பேடுக்காக வண்டி நான்கு நாள் நிற்கும் என்றால் டிரம்மே மேல், எந்தப் பட்டறையிலும் லைனிங் மாற்றிக் கொடுப்பார்கள். கையில் ஒரு தொகைதான் இருக்கிறது, டிஸ்க்கா, சக்கரத்து பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் ரிடார்டரா என்றால் மலைக்கு ரிடார்டர், அது இல்லாவிட்டால் நல்ல இன்ஜின் பிரேக். வெப்பத்தைச் சக்கரத்துக்கு அனுப்பாமலே வைத்துக்கொள்வது அதுதான்.

புது லைனிங்கோ பேடோ போட்ட அன்றே லோடோடு மலை இறங்காதீர்கள். மேட்டுப்பாளையம்–கோவை ரோட்டில் காலி வண்டியில், இடைவெளி விட்டு 20, 30 முறை மிதமாக அழுத்தி, லைனிங் டிரம்மோடு முழுப் பரப்பும் ஒட்டிப் பழகிய பிறகு மறுபடி சாக்பீஸ் கோடு போட்டு அளந்துவிட்டு ஏறுங்கள்.